வேலிக்கு வெளியே நின்ற பெட்டி வண்டி

பெட்டி வண்டிக்குள் படுத்தால், அது நிற்கிறபோதும் ஓடுகிற மாதிரியே இருக்கும். கண்ணை மூடினால் ரோட்டு வளைவுகள் ஒவ்வொன்றாய் வரும். பூம்பாறை வளைவு, மன்னவனூர் இறக்கம், அப்புறம் தைலமரக் காட்டுக்குள் நீளமாய் ஒரு நேர் ரோடு. உடம்பு தானாகவே வலது பக்கம் ஒருதரம், இடது பக்கம் ஒருதரம் சாயும். மேகம் ஜன்னலை ஒட்டி வந்து நின்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகும். எழுந்து உட்கார்ந்து பார்த்தால் வண்டி புல்லில் அசையாமல் நிற்கும். சக்கரத்துக்கு அணை கொடுத்த கல் வைத்த இடத்திலேயே கெடக்கும். எனக்கு மட்டும் இல்லை, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான். பேத்தி ஒருதரம் தூக்கத்தில், "அப்பா, மெதுவாப் போங்க" என்று சொன்னாள். அவள் அப்பா பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. என் மகன் டிரெய்லர் என்பான். பேத்தி கேரவன் என்பாள். எனக்கு அது பெட்டி வண்டிதான். ஒரு வெள்ளைக்கார வாத்தியார் குடும்பம் எந்தக் காலத்திலோ வைத்திருந்து, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பேரிக்காய் மரத்தடியில் இருபது வருஷம் கிடந்தது. கோழிகள் அதற்குள் அடைகாத்தன. மகனுக்கு ஜீப் பட்டறையில் வேலை. பழைய இரும்பு விலைக்கு அதை இழுத்து வந்தான். ஒரு வருஷம் பூரா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தட்டிக் கொட்டி, துருவைச் சுரண்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். வெளியே தகரம், உள்ளே பலகை. ஒரு மேஜை இருக்கிறது, அதன் காலை மடக்கினால் கட்டில். ஒரு குட்டி அடுப்பு. கூரை நடுவில் காற்றுப் போக ஒரு மூடி. அந்த மூடியைச் சுற்றி எத்தனை தரம் தார் பூசினாலும் அதுக்குப் போதாது.

கொடைக்கானலில் ஏரிக்கரையில் முப்பது வருஷம் சோளக்கருது சுட்டு விற்றவள் நான். லீவுக்கு வந்த ஜனங்களைப் பார்த்தே என் காலம் போச்சு. எல்லாரும் கீழேயிருந்து எங்கள் ஊருக்கு லீவுக்கு வருகிறார்கள், நாங்கள் எங்கே போவது? பெட்டி வண்டி வந்த பிறகுதான் அதுக்குப் பதில் கிடைத்தது. இன்னும் மேலே போவது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகன், மருமகள், பேத்தி, நான், நாலு பேரும் கிளம்பிவிடுவோம். அரிசி, பருப்பு, நாலு போர்வை. புல்வெளி ஓரமாய் ஒரு இடம், பக்கத்தில் ஓடைத் தண்ணி, அவ்வளவுதான் வேணும்.

நின்ற இடத்தில் முதல் சோலி, வண்டியை மட்டம் பார்ப்பது. மகன் ஒரு தட்டில் தண்ணி ஊற்றி மேஜையில் வைப்பான். தண்ணி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே கல்லோ பலகையோ கொடுப்பான். இரண்டாவது சோலி என்னோடது. புது இடத்தில் வீடு நின்றால் பால் காய்ச்ச வேண்டாமா? வாசல் கிழக்கே பார்த்திருக்க வேண்டும், பால் பொங்க வேண்டும். அப்புறம்தான் மற்ற அடுப்பு வேலை. சக்கரம் இருந்தால் என்ன, வீடு வீடுதான். மருமகள் முதலில் சிரித்தாள். இப்போது அவளே, "அத்தை, கிழக்கு எதுங்க?" என்று இறங்கும்போதே கேட்கிறாள்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளைக் கிளாவரையில் கட்டிக் கொடுத்து பதினெட்டு வருஷம் ஆச்சு. பூண்டு, காரட் போடுகிற குடும்பம். கல்யாணம் முடிந்து மூணாம் மாதம் அவளைப் பார்க்கப் போய் நாலு நாள் தங்கினேன். நாலாம் நாள் காலையில் நான் பின்னால் நிற்பது தெரியாமல், மகளோட மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாங்க. "மக வீட்டுச் சோறு ருசி கண்டுட்டாங்க போல. இன்னும் ரெண்டு நாள் ஆகும்." இரண்டு பேரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதாய்க்கூட இருக்கலாம். ஆனால் என் சோற்றை என் கையால் சம்பாதித்துத் தின்றவள் நான். பையை எடுத்தேன். "இந்த வீட்டுக் கூரைக்கு அடியில இனி நான் தலை சாய்க்க மாட்டேன்" என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மகள் அடுப்படி வாசலில் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

சொன்னதைக் காப்பாற்றினேன். விசேஷங்களுக்குப் போவேன், முற்றத்தில் உட்காருவேன், சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். போன வருஷத்துக்கு முந்தின தை மாதம் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பத்து நாள் அவள் காலடியில் கிடந்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு அவளை வாசலில் இறக்கிவிட்டு அதே ஜீப்பில் திரும்பிவிட்டேன். அப்புறம் அவளுக்குத் தலைக்கு ஊற்றியது, பத்தியம் வைத்தது எல்லாம் அந்த மாமியார்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் போகவில்லை.

இந்த வருஷம் காலாண்டு லீவுக்கு முன்னால் மகள் போன் பண்ணினாள். அழவில்லை, கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாய்ச் சொன்னாள்.

"அம்மா, நாலு நாள் வந்து என் பக்கத்துல படு. அவ்வளவுதான் கேக்குறேன். இந்தத் தடவை வரலைன்னா இனிமே நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெக்கமா இருக்கு."

போனை வைத்துவிட்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அது எங்கிருந்து வந்த குணம் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூணாம் நாள் வெள்ளனே எழுந்து வாசலுக்கு வந்தபோது பனியில் நனைந்து பெட்டி வண்டி நின்றது. கூரை இருக்கு, கதவு இருக்கு, கட்டில் இருக்கு. என் மகனோட வீடு. அது எங்கே போய் நின்றாலும் என் மகனோட வீடுதானே? மகனை எழுப்பினேன்.

"ஏலே, இந்த லீவுக்குக் கிளாவரைக்குப் போவோம்."

"அக்கா வீட்டுக்கா?" அவன் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தான்.

"அக்கா வீட்டுப் பக்கத்துக்கு."

அவன் திரும்பவும் போர்வையை இழுத்துக்கொண்டான். அப்புறம் போர்வைக்குள் சிரித்தான். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்மா நீ" என்றான்.

போகிற வழியெல்லாம் மேகம். ஜீப்பில் முன்சீட்டில் நான், பின்னால் மருமகளும் பேத்தியும். கண்ணாடியில் பார்த்தால் பெட்டி வண்டி சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. மேகத்துக்குள் அது கரைந்து போய்விட்டு, அடுத்த வளைவில் திரும்ப முளைக்கும். செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவர் டார்ச் அடித்து ஜன்னல் வழியாய்ப் பார்த்தார்.

"என்ன இது, சினிமா ஷூட்டிங்கா? யாரு நடிக்கிறா?"

"எங்கம்மாதான்" என்றான் மகன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நேராக உட்கார்ந்தேன். "போங்க, போங்க" என்று கம்பைத் தூக்கிவிட்டார்.

பூண்டி தாண்டினதும் மேகம் விலகியது. படிப்படியாய்த் தோட்டங்கள், ஒரு படி பச்சை, ஒரு படி செம்மண், நடுநடுவே ஓட்டு வீடுகள். மகள் வீடு ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. வேலிக்கு வெளியே, ஓடைக்கு மேலே, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புல் மேடு. அதைத்தான் நான் முன்பே மனசில் குறித்து வைத்திருந்தேன். அவர்கள் நிலத்தில்கூட இல்லை, பாருங்கள்.

மகள் வேலியோரம் ஓடி வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் வந்த சிரிப்பு, வேலிக்கு வெளியே நான் கை காட்டின இடத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா மெதுவாய் வந்தாங்க. எழுபதைத் தாண்டினவங்க, என்னைவிட ரெண்டு வயசு கூட. இடுப்பில் கையை வைத்து வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தாங்க.

"ஆமைக்கு வீடு முதுகுல இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்களுக்கு வாலுல இருக்கே சம்பந்தியம்மா."

"வாலுல இருந்தாலும் சொந்த வீடுங்க" என்றேன்.

"அது சரி" என்றாங்க. "அது சரி."

வந்த வேகத்திலேயே மகன் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டான். வாசல் மேற்கே, அதாவது மகள் வீட்டைப் பார்த்து இருந்தது. தட்டில் தண்ணி ஊற்றினான். தண்ணி நடுவில் அசையாமல் நின்றது. "கல்லே வேண்டாம்மா, நேரா வந்து உக்காந்துருச்சு" என்று சந்தோஷப்பட்டான்.

"கிழக்கே திருப்பு" என்றேன்.

"இங்க சரிவு அந்தப் பக்கம் இருக்கு. திருப்பினா வால் கீழ போயிரும்."

"மேற்கு வாசல்ல நான் பால் காய்ச்ச மாட்டேன்."

பாலுக்காகத்தான் சொன்னேன். ஆனால் பாலுக்காக மட்டும் இல்லை. கதவைத் திறந்தால் எதிரே அந்த முற்றம், அந்த அடுப்படி வாசல், அதைப் பார்த்துக்கொண்டே எழுந்திரிக்க எனக்கு முடியாது. இதை நான் மகனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கொக்கியைக் கழற்றினார்கள். மகன், மருமகள், மகள், பேத்தி, எல்லாரும் சேர்ந்து ஈரப் புல்லில் வண்டியைக் கையாலேயே தள்ளிச் சுற்றினார்கள். "நீ தள்ளாதே, ஆபரேஷன் உடம்பு" என்று மகளை நான் அதட்டினேன். அவள் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சம்பந்தியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து, கோயில் தேர் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

திருப்பி நிறுத்தினதும் தட்டில் தண்ணி ஒரு ஓரமாய் ஒதுங்கியது. மகன் பலகை கொடுத்தான், கல் கொடுத்தான். கொடுத்தும் முழுசாய் மட்டம் வரவில்லை. "மழை வந்தா மேல் மூடிகிட்ட தண்ணி நிக்கும்மா" என்றான்.

"கொஞ்சம் சாஞ்சா என்ன? மலையே சாஞ்சுதான் கெடக்கு" என்றேன்.

பால் பொங்கியது. எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்தேன். வேலிக்கு மேலே ஒரு டம்ளர் சம்பந்தியம்மாவுக்கும் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றாங்க.

அந்த முதல் இரண்டு நாளை நினைத்தால் இப்பவும் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கு. காலையில் கதவைத் திறந்தால் கிழக்கே மலை இருக்காது, மேகம்தான் இருக்கும். அதற்குள்ளிருந்து யாரோ மண்வெட்டி போடுகிற சத்தம் மட்டும் வரும், ஆள் தெரியாது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு படியாய்த் தோட்டம் கீழேயிருந்து மேலே வரும். மகள் வேலி இடைவெளி வழியாய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். பூண்டுக் குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல். நான் என் தட்டில் வாங்கிச் சாப்பிடுவேன். நான் கூரையைத்தான் சொன்னேன், சோற்றைச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்திருப்போம். அதிகம் பேசமாட்டோம். அவள் காலை நீட்டுவாள். நான் அவள் கால் விரலில் சொடக்கு எடுப்பேன். பேத்தி ஓடையில் கல் பொறுக்குவாள். தூரத்தில் காட்டுமாடு ஒன்று வந்து நின்று, எங்களை ஒரு சாமான் மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பும். நேரம் போகிறதா நிற்கிறதா என்று தெரியாது.

ஆனால் பொழுது சாய்ந்ததும் அவள் எழுந்துவிடுவாள். பெட்டி வண்டியில் நாலு பேருக்குத்தான் இடம். அவளுக்கு விடிந்தால் மாடு, அடுப்பு. முதல் நாள் வேலி இடைவெளியில் நின்று, "ஒரு நாள் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் போகும்போது திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்துல வந்து படுன்னு சொன்னேன்மா. பக்கத்து மேட்டுல இல்லை."

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள். வீட்டை நோக்கி இறங்கிப் போனாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு இறங்குவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. என் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டு வந்த யோசனை, அன்றைக்கு அவள் முதுகைப் பார்த்தபோது கொஞ்சம் சின்னதாய்த் தெரிந்தது.

மூணாம் நாள் மத்தியானம் மகன் குடும்பத்தோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு பூண்டிக்குப் போனான். மருமகன் சரக்கோடு சந்தைக்குப் போயிருந்தார். மகள் வீட்டு முற்றத்தில் பறித்த பூண்டு தாளோடு குவிந்து கிடந்தது, மேலே பெரிய நீலத் தார்ப்பாய் போட்டிருந்தது. நான் வண்டிக்குள் படுத்திருந்தேன்.

மழை சொல்லாமல் வந்தது. முதலில் தகரத்தில் கடுகு தாளிக்கிற சத்தம். அப்புறம் அரிசி கொட்டுகிற சத்தம். அப்புறம் சத்தமே தனியாய்க் கேட்கவில்லை, எல்லாம் மழை. கூரை மூடிப் பக்கம் ஒரு சொட்டு என் முழங்காலில் விழுந்தது. நகர்ந்தேன். இன்னொன்று தோளில் விழுந்தது. டம்ளரை வைத்தேன், தட்டை வைத்தேன், பால் சட்டியை வைத்தேன். மட்டமாய் நின்றிருந்தால் தண்ணி இரண்டு பக்கமும் வழிந்து போயிருக்கும். வால் கீழே போனதால் மூடியைச் சுற்றிக் குளம் கட்டி, தார் விட்ட இடமெல்லாம் உள்ளே இறங்கியது. மெத்தை நனைந்தது. கிழக்கு வாசல் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தது.

கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஒழுகுதா? வீட்டுக்கு வாம்மா."

"ஒழுகலை. நீ பூண்டைப் பாரு."

"அம்மா, குடை கொண்டு வரேன், வந்துரு."

"நனையலைன்னு சொல்றேன்ல."

மூணாம் தரமும் கூப்பிட்டாள். அதுக்கு நான் பதிலே சொல்லவில்லை. சம்பந்தியம்மா குரல் கேட்டது. "விடு புள்ள. கூப்பிடாதே. இங்க வா." அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அவள் இனி கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு மழையைவிடக் குளிராய் இருந்தது. கதவுப் பக்கம் ஒரு முழ அகலம் காய்ந்த இடம் இருந்தது. அங்கே போர்வையைச் சுற்றிக்கொண்டு முழங்காலைக் கட்டி உட்கார்ந்தேன். எழுந்து போய்விடலாமா என்று கால் கேட்டது. பதினெட்டு வருஷம் என்று தலை சொன்னது. டம்ளரில் ஒரு சத்தம், தட்டில் ஒரு சத்தம், சட்டியில் ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் எப்படித் தூங்கினேன் என்று தெரியாது. வண்டி திரும்ப ஓட ஆரம்பித்தது. மேகத்துக்குள் போனது. கொக்கி இல்லை, ஜீப் இல்லை, யாரும் இழுக்கவில்லை, அது பாட்டுக்குப் போனது.

கண் திறந்தபோது எல்லாம் நீலமாய் இருந்தது.

பலகை நீலம், போர்வை நீலம், என் கை நீலம். மழை பெய்கிற சத்தம் கேட்டது, ஆனால் தூரத்தில், வேறு யாரோ வீட்டு மழை மாதிரி. டம்ளரிலும் தட்டிலும் சத்தம் நின்றிருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டோம் போல என்று நினைத்தேன். பயம் வரவில்லை. மேலோகம் நீலமாய்த்தான் இருக்கும் போல, பரவாயில்லை, ஒழுகவில்லை. அப்புறம் மூக்கில் பூண்டு வாசனை அடித்தது. பச்சைப் பூண்டும் ஈர மண்ணும் சேர்ந்த வாசனை. மேலோகத்தில் பூண்டு எதுக்கு?

கதவைத் தள்ளினேன். ஏதோ தடுத்தது. இன்னும் தள்ளினதும் நீலம் விலகி, மழைக்குள்ளே சம்பந்தியம்மா முகம் தெரிந்தது. சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாங்க. கையில் கயிறு. வண்டி பூராவையும் மூடி அந்தப் பெரிய தார்ப்பாய் கிடந்தது.

"எந்திரிச்சுட்டீங்களா? இந்த முனையைப் புடிங்க. வெரசா" என்றாங்க.

பிடித்தேன். அவங்க குனிந்து சக்கரத்தில் கட்டினாங்க. அந்தப் பக்கம் கொக்கியில் மகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை நனைந்து, முடி கன்னத்தில் ஒட்டிக் கிடந்தது. கீழே முற்றத்தைப் பார்த்தேன். பூண்டுக் குவியல் இல்லை. அத்தனையையும் இரண்டு பேரும் வீட்டுக்குள் சுமந்து போட்டுவிட்டு, தார்ப்பாயை இந்த மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி எழுபது தாண்டினவள், ஒருத்தி கனம் தூக்கக் கூடாதவள். நான் தூங்கியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறே.

"தார்ப்பாய் யாருது?" என்று கேட்டேன்.

தெரியாமல் கேட்கவில்லை. மகள் முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் மாமியாரையும் பார்த்தாள். சம்பந்தியம்மா கயிற்றை இழுத்து இறுக்கினாங்க.

"பூண்டோடது" என்றாங்க. "அது வீட்டுக்குள்ள போயிருச்சு. இனி அதுக்கு வேண்டாம்."

ஜெயித்துவிட்டேன் என்று அவங்க சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும். நானும் ஒன்று சொல்லியிருப்பேன். அவங்க சிரிக்கவில்லை. சாக்கைத் தலையில் சரி பண்ணிக்கொண்டு, உள்ளே வாங்க என்றும் சொல்லாமல், முன்னால் நடந்து இறங்கினாங்க. மகளும் கூப்பிடவில்லை. வேலியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வயிற்றில் கை வைத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

தார்ப்பாயும் கூரைதானே, அவங்க வீட்டுக் கூரைக்கு அடியில் நான் ஏற்கனவே ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாச்சு. காலை எடுத்து வைக்காமலே ஆகிப்போச்சு. இனி எதைக் காப்பாற்ற இந்த நனைந்த மெத்தையில் உட்கார்ந்திருப்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். உண்மையில் அந்த நேரம் நான் கூரையையே நினைக்கவில்லை. அந்த வெளுத்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வையை எடுத்துக்கொண்டு வேலி இடைவெளியில் நுழைந்தேன். மகள் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் வழுக்கி வழுக்கி இறங்கினோம்.

வீட்டுக்குள் நடக்க இடம் இல்லை. கூடத்தில், உள்ளறையில், சாமி படத்துக்குக் கீழே, எங்கும் பூண்டு. தாளோடு, மண்ணோடு, இடுப்பளவுக்கு. அடுப்புப் பக்கம் ஒரு பாய் அகலம்தான் மிச்சம். மகளை அங்கே உட்கார வைத்து, ஈரச் சேலையை மாற்றச் சொல்லி, என் போர்வையின் காய்ந்த பக்கத்தால் தலையைத் துவட்டினேன். முடி நிறையக் கொட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இப்படி என்றாள். எனக்கு அது தெரியாது. சம்பந்தியம்மா சுக்குக் காப்பி போட்டு மூணு டம்ளரில் ஊற்றினாங்க. முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாங்க.

"சர்க்கரை போதுமான்னு பாருங்க."

"கூடங்க" என்றேன்.

"கூடத்தான் போட்டேன்."

மழை விடுகிற மாதிரி இல்லை. மலையில் இருட்டு வெள்ளனே வந்துவிடும், இருந்த ஒரே சோலி உடம்பைச் சூடாக்குவது. அந்தப் பாய் அகலத்தில் மூணு பேரும் படுத்தோம். அடுப்போரம் சம்பந்தியம்மா, நடுவில் மகள், பூண்டோரம் நான்.

"சம்பந்தியம்மா, காலை நீட்டாதீங்க. பூண்டு சரிஞ்சா எல்லாரையும் மூடிரும்" என்றாங்க அவங்க.

மகள் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் முதுகு என் மேல் அசைந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, என் கையை இழுத்துத் தன் கழுத்தடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு மாறிவிட்டது. தூங்கும்போது அவள் வாய் லேசாய்த் திறந்துகொள்ளும், சின்ன வயசில் இருந்தே அப்படித்தான். அடுப்பில் கங்கு ஒரு கண் மாதிரி மூடுவதும் திறப்பதுமாய் இருந்தது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மா தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தூங்கவில்லை என்று அவங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் நடுவில் கிடந்தவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.

மேலே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பேத்தி, "கேரவன் நீலமாயிருச்சு" என்று கத்தினாள். மகன் வண்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "அம்மா. அம்மா, எங்க இருக்க?" குரலில் பயம் இருந்தது. பதில் சொன்னால் இவள் விழித்துவிடுவாள். பேசாமல் இருந்தேன். வேலியைத் தாண்டி ஓடி வருகிற காலடிச் சத்தம். கதவு திறந்தது. வெளியே மிச்சமிருந்த வெளிச்சத்தில், மழை சொட்டச் சொட்ட நின்றான். பூண்டுக் குவியலுக்குப் பின்னால் எங்கள் மூணு பேரையும் கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாயைத் திறந்தான்.

ஒரு கை மகளுக்குக் கீழே இருந்தது. மற்றக் கையைத் தூக்கி, கதவைச் சாத்தச் சொல்லிக் காட்டினேன். உள்ளே குளிர் வந்துகொண்டிருந்தது.